பழைய பணமும் பழகிய பண்பும்

நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது நகரக் கல்லூரியொன்றில் பயில்பவர், வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில் நம்மைக் காண வந்தார். சலாம் உரைத்து அமர்ந்தவரை ஏற இறங்கப் பார்த்தோம். பாலேட்டின் நிறத்தில் காற்சட்டை. கழுத்துப்பட்டையின் இரு முனைகளிலும் பொத்தான் வைத்த நீலச் சட்டை. இவை போதாவென்று தோளைச் சுற்றி முடிச்சிட்ட ஒரு கம்பளிச் சட்டை. காய்ச்சலோ என்று அஞ்சி வினவினோம். அவர் சிரித்தார்.

"காய்ச்சல் இல்லை, ஹஜ்ரத். இதற்கு 'ஓல்டு மணி' என்று பெயர். பரம்பரைச் செல்வர்கள் இப்படித்தான் உடுத்துவார்களாம். கண்ணைப் பறிக்கும் நிறம் கூடாது. கம்பெனியின் முத்திரை வெளியே தெரியக் கூடாது. பணம் இருப்பது தெரிய வேண்டும். காட்டிக்கொள்வதாகத் தெரியக் கூடாது."

"நல்லது தம்பி. உங்கள் வாப்பாவிடம் பழைய பணம் இருக்கிறதா?"

"வாப்பாவிடம் புதுப் பணமே இல்லையே, ஹஜ்ரத்!"

இருவரும் சிரித்தோம். ஆனால் விடைபெறும் வேளையில் அவர் குரல் தாழ்ந்தது. கல்லூரி விழாவுக்கு அவர் தந்தையார் கைலியும் சாயம் போன சட்டையுமாக வந்திருந்தாராம். தோழர்கள் பார்த்துவிடக் கூடாதென்று, வாயிற்காவலர் அருகிலேயே நிற்கும்படி இவர் சொல்லிவிட்டாராம். தந்தையாரும் மறுபேச்சின்றி, விழா முடியும்வரை அங்கேயே நின்றாராம். "அது பெரிய குற்றமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

அன்று நாம் விடை கூறவில்லை. அவசரத்தில் கூறியிருந்தால் அது வெறும் கண்டனமாகவே முடிந்திருக்கும். ஓர் உடை வழக்கம் எங்கிருந்து வந்தது, எதைப் புகழ்கிறது, எதை மறைக்கிறது என்று அறிந்த பின்னரே அதைப் பற்றிப் பேசுவது முறை. அவ்வாறு தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

வழக்கத்தின் வரலாறு

'பழைய பணம்' என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில் வழங்கும் தொடர். தானே ஈட்டியவனின் செல்வம் புதிய பணம். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து இறங்கி வந்த செல்வம் பழைய பணம். பாஸ்டன், நியூயார்க், நியூபோர்ட் முதலிய கீழ்க்கரை நகரங்களின் பழங்குடிச் செல்வர்கள் உடுத்திய முறையே இன்று இளைஞர்கள் பின்பற்றும் முறைக்கு மூலம். 2020-க்குப் பின் கைப்பேசிக் காணொளிகள் வழியே இது உலகெங்கும் பரவிற்று. 2023-ஆம் ஆண்டில் 'ஓசையற்ற ஆடம்பரம்' என்ற பொருள்படும் இன்னொரு பெயரும் இதற்குக் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் யூட்டா மாநிலத்தில் நடிகை குவினெத் பால்ட்ரோ ஒரு பனிச்சறுக்கு விபத்து வழக்குக்காக நீதிமன்றம் வந்தபோது, பத்திரிகைகள் வழக்கை எழுதியதோடு நில்லாமல் அவருடைய கம்பளிச் சட்டைகளையும் நாள்தோறும் எழுதின. அதே ஆண்டு மே மாதத்தில் நிறைவுற்ற 'சக்ஸஷன்' என்னும் தொலைக்காட்சித் தொடரில், பெருஞ்செல்வர் அணிந்த முத்திரையற்ற தொப்பியின் விலை சில நூறு டாலர் என்று கண்டறிந்து மக்கள் வியந்தனர்.

இனி, இந்த உடையை உருவாக்கித் தந்தவர்கள் யார் என்று பார்ப்போம். அமெரிக்கச் செல்வர்களுக்கு ஆடை தந்த கடைகளுள் மிகப் பழையதான புரூக்ஸ் பிரதர்ஸ் 1818-இல் தொடங்கிற்று. யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு உடை தைத்துப் புகழ்பெற்ற ஜே. பிரெஸ் கடையை 1902-இல் நிறுவியவர், லாட்வியாவிலிருந்து குடியேறி வந்த யூதர். இன்று 'பழைய பணம்' என்றவுடன் பலர் நினைவுக்கு வரும் பெயர் ரால்ஃப் லாரன். அவர் 1939-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், பெலருஸ் நாட்டிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசியவர். லிஃப்ஷிட்ஸ் என்ற குடும்பப் பெயரை இளமையிலேயே மாற்றிக்கொண்டு, 1967-இல் கழுத்துப்பட்டிகள் விற்கத் தொடங்கி, பரம்பரைச் செல்வரின் தோற்றத்தை உலகுக்கே விற்றார்.

உழைத்து உயர்ந்தவரை இகழ்வதற்காக நாம் இதைக் கூறவில்லை. அவருடைய முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் இதில் ஓர் உண்மை தெளிவாகிறது. குடியேறி வந்த தையற்காரரும், வண்ணம் பூசுபவரின் மகனும் செய்து தர முடிந்த ஒன்று பரம்பரையால் மட்டும் வருவதாக எப்படி இருக்க முடியும்? 'பிறப்பிலேயே வருவது' என்ற பெயரில் விற்கப்பட்டது, தொடக்கத்திலிருந்தே கடையில் கிடைத்த சரக்குதான்.

1980-இல் லிசா பிர்ன்பாக் பதிப்பித்த 'தி அஃபிஷியல் பிரெப்பி ஹேண்ட்புக்' என்ற நூல் இதற்கு இன்னொரு சான்று. அந்தச் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளின் உடை, பேச்சு, பள்ளி ஆகியவற்றைக் கேலி செய்யும் நகைச்சுவை நூல் அது. வாங்கிய பலரோ அதைக் கேலியாகப் படிக்கவில்லை; அதன்படி உடுத்தக் கற்றுக்கொண்டார்கள். கண்ணாடியைக் காட்டினால் அதையே சாளரம் என்று எண்ணித் தலையை நுழைப்பாரை என்னென்பது?

இதே பிழையை ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-இல் வெளியிட்ட 'தி கிரேட் காட்ஸ்பி' என்னும் நாவல் தொடர்பாகவும் காண்கிறோம். இந்த உடையை விரும்புவோர் அந்தக் கதையின் திரைப்படங்களிலிருந்து படங்களை எடுத்து மாதிரியாக வைத்துக்கொள்கின்றனர். நாவலைப் படித்தவர் அவ்வாறு செய்யத் தயங்குவர். அதில் அடுக்கடுக்காகச் சட்டைகள் வாங்கிக் குவிப்பவன் புதுப்பணக்காரன். அவனுடைய இளஞ்சிவப்பு உடையை எள்ளுகிறவன் பழைய பணக்காரன். ஆனால் கதை முடியும்போது, பிறர் உயிருக்கும் வாழ்வுக்கும் கேடு விளைவித்துவிட்டு, அதற்குப் பொறுப்பேற்காமல் தங்கள் செல்வத்துக்குள் ஒதுங்கிக்கொள்பவர்கள் அந்தப் பழைய பணத்துத் தம்பதியர்தாம். உடையில் பிழை இல்லாதவரிடம் நெஞ்சில் ஈரம் இல்லை என்பதே ஆசிரியரின் தீர்ப்பு. தீர்ப்பை விட்டுவிட்டு உடையை மட்டும் எடுத்துக்கொண்டது நம் காலம்.

இதில் உள்ள நன்மை

திறனாய்வு என்பது குறை காண்பது மட்டுமன்று. இவ்வழக்கத்தின் அறிவுரைகளுள் சில நல்லவை; அவற்றை ஒப்புக்கொள்வதே நேர்மை. சிலவே வாங்கு, நல்லதாக வாங்கு, நீண்ட நாள் உடுத்து, கிழிந்தால் தைத்துக்கொள், ஒரு கம்பெனியின் விளம்பரப் பலகையாக உன் மார்பை ஆக்காதே என்பன அந்த அறிவுரைகள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும், தம் காலணியைத் தாமே செப்பனிட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிந்திருக்கும் நமக்கு இவை புதியனவல்ல.

ஆனால் நடைமுறையோ வேறு. 'தலைமுறைகள் உடுத்தும் ஆடை' என்று விளம்பரம் செய்து, ஒரு பருவம்கூடத் தாங்காத செயற்கை இழைத் துணியை மலிவு விலைக் கடைகள் விற்கின்றன. பழமையே இந்தப் பருவத்தின் புதுமையாகிவிட்டது. அடுத்த பருவம் வந்ததும் இந்தப் பழமை பழையதாகிவிடும்! உண்மையில் பழைமையுடைய புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனமோ 2020 ஜூலையில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. தோற்றத்தை வாங்கப் பலர் உண்டு. நின்று உழைக்கும் துணியை வாங்க ஆள் குறைவு.

மறைப்பதும் ஒரு விளம்பரமே

முத்திரையை மறைப்பது அடக்கமல்லவா என்று கேட்கலாம். நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் மகனான தோர்ஸ்டைன் வெப்லன் என்ற பொருளியல் அறிஞர், 1899-இல் வெளியிட்ட 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' என்ற நூலில் இதற்கு விடை தந்துள்ளார். செல்வர் கூட்டம் சிறியதாக இருக்கும்போது பகட்டு எல்லாருக்கும் தெரியும்படி உரத்து நிற்கும். கூட்டம் பெருகியதும், உரத்த பகட்டு கீழ்மக்களுக்குரியதாகக் கருதப்பட்டு, பயின்ற கண்ணுக்கு மட்டும் புலப்படும் நுண்ணிய அடையாளங்கள் தோன்றும் என்பது அவர் கருத்து. ஆகவே ஓசையற்ற ஆடம்பரமும் ஆடம்பரமே. அது பேசுவதை நிறுத்தவில்லை. நம் போன்றோர் காதில் விழாதபடி தம்முள் பேசிக்கொள்கிறது.

நம் முன்னோர் இந்த நுட்பத்தை முன்பே அறிந்திருந்தனர். 'ஷுஹ்ரத்' என்ற அரபுச் சொல்லுக்குப் பிரபலம், பேரெடுத்தல் என்று பொருள். பேரெடுப்பதற்காக உடுத்துபவனுக்கு மறுமையில் இழிவின் ஆடை அணிவிக்கப்படும் என்ற கருத்துடைய நபிமொழியை அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். இதில் கவனிக்கத்தக்கது, எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் சுஃப்யான் ஸவ்ரீ (ரஹ்) அவர்கள் சொன்ன விளக்கம். முன்னோர் வெறுத்த ஷுஹ்ரத் இருவகை என்றார்கள்: கண்கள் உயர்ந்து நோக்கும்படியான மேலான ஆடையும் ஷுஹ்ரத்தே, கண்கள் தாழ்ந்து நோக்கும்படி வேண்டுமென்றே உடுத்தும் கந்தலும் ஷுஹ்ரத்தே. ஆடையின் விலை எதுவாயினும், பிறர் பார்வையைப் பிடிப்பதற்கென்றே உடுத்தினால் குற்றம் ஒன்றே.

நல்லாடை உடுத்துவதே தவறு என்று இதைப் பொருள்கொள்ளக் கூடாது. நம் கடற்கரை ஊர்களில் பலர் பின்பற்றும் ஷாதுலிய்யா தரீக்காவின் தலைவர் அபுல் ஹஸன் ஷாதுலி (ரஹ்) அவர்கள் நேர்த்தியாக உடுத்துபவர்கள். முரட்டுத் துணி அணிந்த துறவி ஒருவர் அவர்களுடைய ஆடையைத் தொட்டுக் குறை கூறினார் என்றும், என் ஆடை இறைவனைப் புகழ்கிறது, உம் ஆடையோ மக்களிடம் யாசிக்கிறது என்ற கருத்தில் ஷைகு அவர்கள் விடையளித்தார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. தன் உடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டுமென ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று நபிகளாரிடம் (ஸல்) வினவப்பட்ட செய்தியும் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. இறைவன் அழகை விரும்புகிறான் என்று கூறிவிட்டு, உண்மையை மறுப்பதும் மக்களைத் தாழ்வாக நோக்குவதுமே பெருமை என்று அவர்கள் வரையறுத்தார்கள். அழகுக்கும் ஆணவத்துக்கும் இடையே அங்கே ஒரு கோடு இழுக்கப்பட்டுவிட்டது. நம் மாணவர் கேட்ட கேள்விக்கான விடையின் பாதி அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. அவர் உடுத்திய சட்டை கோட்டுக்கு இப்புறம் இருந்தது. தந்தையாரை வாயிலில் நிறுத்திய சொல் அப்புறம் போய்விட்டது.

சாயம் போன துணி

மறுபாதி விடையோ நாம் எதிர்பாராத இடத்தில், அதாவது நம்முடைய கரையிலேயே கிடைத்தது.

பழைய பணத்து அமெரிக்கர்கள் கோடைக்காலத்தில் உடுத்தும் துணிகளுள் ஒன்றுக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். சென்னை நகரின் பழைய பெயரே அதற்குப் பெயராயிற்று. இக்கரையில் கைத்தறியில் நெய்த பருத்திக் கட்டத்துணிதான் அது. 1930-களில் கரீபியத் தீவுகளுக்கு ஓய்வெடுக்கச் சென்ற செல்வர்கள் இந்தத் துணியில் தைத்த சட்டைகளோடு திரும்பினார்கள். பிறகு அது அவர்களுடைய கோடைக்கால அடையாளமாயிற்று. தாவரச் சாயம் ஏற்றிய அத்துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி, ஒரு நிறம் இன்னொன்றில் கலந்து வெளிறிப் போகும். நம்மூரில் அப்படியொரு துணியை விற்றால் வாங்கியவர் கடைக்குத் திரும்ப வந்து சண்டையிடுவார். 1960-களில் அமெரிக்காவிலோ, சாயம் போவதையே இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். வெளிறிய மெட்ராஸ் மேலங்கி, பல கோடைகளைக் கடற்கரையில் கழித்த குடும்பம் என்பதற்குச் சாட்சியாயிற்று.

இந்தக் கட்டத்துணியின் உறவினர்தாம் நம் கைலியும் சாரமும். மலாய் மக்கள் இன்றும் தம் கட்டம் போட்ட சாரத்தைக் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். அந்தப் பெயரில் ஒளிந்திருப்பது நம் பழவேற்காடு. இக்கரையின் முஸ்லிம் வணிகர்கள் அத்தகைய துணிகளைக் கப்பலேற்றிக் கீழைக்கடல் நாடுகளுக்குக் கொண்டுசென்றதை வரலாறு அறியும்.

இப்போது நம் மாணவரின் தந்தையாரை நினைத்துப் பாருங்கள். அவர் இடையில் கட்டம் போட்ட கைலி. உடலில் சாயம் போன சட்டை. மகன் பின்பற்ற விரும்பும் செல்வர்கள் கோடையில் உடுத்துவதும் கட்டம் போட்ட, சாயம் போன துணியே! ஒரே வெளிறல் ஓர் உடலில் குலப்பெருமைக்கும் மற்றோர் உடலில் வறுமைக்கும் சான்றாகிறது. துணியில் வேறுபாடு இல்லையென்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது? பார்க்கின்ற கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணை நமக்குக் கடன் கொடுத்தவர் யார் என்பதே கேள்வி. தோற்ற சமுதாயம் வென்ற சமுதாயத்தை உடையிலும் நடையிலும் பின்பற்றும் என்று இப்னு கல்தூன் எழுதினார். நாமோ அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துச் சென்றதையே அவர்களுடையது என்றெண்ணிப் பின்பற்றுகிறோம்.

பணத்தின் வயதும் அதன் வழியும்

மெட்ராஸ் துணி இன்னொரு கதவையும் திறக்கிறது. ஜே. பிரெஸ் கடை தோன்றிய யேல் பல்கலைக்கழகம், பழைய பணத்துப் பிள்ளைகள் பயின்ற இடங்களுள் தலையாயது. அதற்குப் பெயர் தந்தவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் அவர். சொந்த வாணிகத்தால் பெருஞ்செல்வம் சேர்த்தார். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளின் நடுவே பதவி இழந்தார். 1680-களில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்ட காலத்தில் கோட்டையின் ஆட்சிக் குழுவில் அவரும் இருந்தார். 1718-இல் அவர் அந்தச் சிறிய அமெரிக்கக் கல்லூரிக்கு 417 நூல்களையும், மன்னரின் ஓவியம் ஒன்றையும், துணிகள் அடங்கிய 9 பொதிச் சரக்கையும் அனுப்பினார். சரக்கு 560 பவுனுக்குச் சற்று மேலாக விலைபோயிற்று. நன்றிக்காகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

'பழைய பணம்' என்ற தொடரின் மயக்கம் இங்குதான் இருக்கிறது. அது பணத்தின் வயதைச் சொல்கிறது. அது வந்த வழியைச் சொல்வதில்லை. வயது ஏறினால் வழி மறந்துபோகும் என்று அது நம்புகிறது. நம் மார்க்கமோ ஒவ்வொருவரிடமும் பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு என்கிறது: எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய்? எத்தனை ஆண்டுகளாக வைத்திருந்தாய் என்ற கேள்வி அங்கே இல்லை.

அந்த மயக்கம் இன்றும் தொடர்கிறது. ஓசையற்ற ஆடம்பரத்தின் உச்சமாகப் போற்றப்படுவது, பெரு நாட்டின் மலைகளில் வாழும் விக்குன்யா என்ற விலங்கின் உரோமத்தில் நெய்த சட்டை. ஓர் இத்தாலிய நிறுவனம் அதைச் சுமார் 9,000 டாலருக்கு விற்கிறது என்றும், அதற்கு வேண்டிய உரோமத்துக்காக லுகானாஸ் என்ற மலைச் சமூகத்துக்குக் கிடைப்பது சுமார் 280 டாலரே என்றும் 2024-இல் ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்டது. சட்டை ஓசையற்றது; அதை உடுத்துபவருக்கு மலையிலிருந்து வரும் குரலும் கேட்பதில்லை.

பழைய பணத்தைக் கேள்வி கேட்ட ஒருவரை இஸ்லாமிய வரலாறு பெருமையோடு நினைவுகூர்கிறது. உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் உமய்யா அரச குடும்பத்தில் பிறந்தவர்கள். இளமையில் அவர்களைப் போல் நேர்த்தியாக உடுத்தியவர் இல்லை என்பர். அவர்கள் நடந்த நடையை மதீனாவின் இளம்பெண்கள் பயின்றார்கள் என்றும், அதற்கு 'உமரிய்யா நடை' என்று பெயரே ஏற்பட்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 717-இல் கலீஃபாவாகப் பொறுப்பேற்றதும் அவர்கள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, தமக்கு மரபுரிமையாக வந்த நிலங்கள் எவ்வழியில் வந்தன என்று ஆராய்ந்து, உரிமையில்லாதவற்றைத் திருப்பிக் கொடுத்தது. துணைவியாரின் அரிய அணிகலனும் பொதுக் கருவூலம் சேர்ந்தது. முன்னர் விலையுயர்ந்த ஆடைகளும் முரடாகத் தோன்றிய அந்த உடலுக்குப் பின்னர் மலிவான ஆடையும் மென்மையாகத் தோன்றிற்றாம். அந்த நடையைப் பயின்றவர்கள் பலர். இந்தக் கணக்குப் பார்த்தலைப் பயின்றவர்கள் சிலரே.

இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில், ஒரு குடும்பத்தின் பெருமை பெரும்பாலும் நான்கு தலைமுறைகளில் முடிந்துவிடும் என்கிறார். முதலாமவர் அதைக் கட்டியவர். அதற்கு எவ்வளவு உழைப்பும் எத்தகைய பண்பும் தேவைப்பட்டன என்று அவருக்குத் தெரியும். இரண்டாமவர் தந்தையோடு பழகி அதைக் கேட்டறிந்தவர். மூன்றாமவரிடம் எஞ்சியிருப்பது தக்லீத், அதாவது வெறும் பின்பற்றல். நான்காமவரோ அப்பெருமை பிறப்பினாலேயே தமக்கு உரியது என்றெண்ணி, மக்களைத் தாழ்வாகக் கருதி, அதை இடித்துவிடுகிறார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைய உடை வழக்கத்தின் நிலை விளங்கும். முதல் தலைமுறையின் உழைப்பும் இரண்டாம் தலைமுறையின் பயிற்சியும் இல்லாமல், மூன்றாம் தலைமுறையின் போலியை விலைக்கு வாங்கி, நான்காம் தலைமுறையின் பார்வையால் பெற்றோரைப் பார்க்கிறார்கள் நம் பிள்ளைகள்.

நேர்த்தி என்பது யாது?

அப்படியானால் உண்மையான நேர்த்தி எது? அரபியில் இதற்கு 'ளர்ஃப்' என்று ஒரு சொல் உண்டு, நேர்த்தியுடையவர் ளரீஃப். பத்தாம் நூற்றாண்டுப் பக்தாதில் வாழ்ந்த அல்-வஷ்ஷா என்ற அறிஞர் 'அல்-முவஷ்ஷா' என்ற நூலை இந்தப் பொருளைப் பற்றியே எழுதினார். ஆடை, நறுமணம், மோதிரம் என எல்லாவற்றுக்கும் அதில் விதிகள் உண்டு. ஆனால் அவர் நூலை ஆடையில் தொடங்கவில்லை. அதப் என்னும் ஒழுக்கத்தில் தொடங்குகிறார். பிறகு முரூஅத் என்னும் மனிதத்தன்மையைப் பேசுகிறார். அதற்குப் பிறகே நேர்த்தியை எடுக்கிறார். மூன்றையும் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்று பிணைத்தும் விடுகிறார்.

'ளர்ஃப்' என்பதற்கு இன்னொரு பொருள் பாத்திரம், கொள்கலம். மத்ரஸாவில் நஹ்வு படிக்கும் சிறுவனும் காலத்தையும் இடத்தையும் குறிக்கும் சொற்களுக்கு ளர்ஃபு ஸமான், ளர்ஃபு மகான் என்று பெயர் சொல்வான். ஒன்றைத் தன்னுள் ஏந்தி நிற்பது ளர்ஃப். எனவே நேர்த்தியாளனைப் பார்க்கும்போது, கலத்தின் மெருகை மட்டும் பாராமல், அதில் இருப்பது என்ன என்று பார்க்கச் சொல்கிறது அந்த மொழி.

தமிழும் இதையே வேறு வழியில் சொல்கிறது. புதிய பாணியில் உடுத்துபவரை 'நாகரிகமானவர்' என்று நாம் இன்று சொல்கிறோம். வள்ளுவர் 'நாகரிகம்' என்ற சொல்லை ஆண்ட இடம் கண்ணோட்டம் என்னும் அதிகாரம். நஞ்சென்று கண்டும், தருபவர் மனம் வாடக் கூடாதென்று அதை மறுக்காத பெருந்தன்மையைச் சொல்லுமிடத்தில் அச்சொல் வருகிறது. பரிமேலழகரும் கண்ணோட்டமே நாகரிகம் என்று உரை கண்டார். எதிரில் நிற்பவரின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வது என்ற பொருளிலிருந்து, எதிரில் நிற்பவரின் முகம் வாடும்படி உடுத்துவது என்ற பொருளுக்கு ஒரு சொல் இறங்கி வந்திருக்கிறது!

அரபுக் கலத்தையும் தமிழ்க் கண்ணோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நீ உடுத்தியது உன் எதிரில் நிற்பவரைச் சிறியவராக்குகிறதா? அதற்குக் கொடுத்த பொருள் நேர்வழியில் வந்ததா? அதை நெய்தவரும் தைத்தவரும் தம் உரிமையைப் பெற்றார்களா? இம்மூன்றிலும் தேறிய ஆடை பட்டானாலும் பருத்தியானாலும் பெண்களுக்கு நேர்த்தியே; பட்டு விலக்கப்பட்ட ஆண்களுக்குப் பருத்தியே போதும். இம்மூன்றிலும் தவறியது, நூறாண்டுப் பழமை உடையதாயினும் வேடமே.

சில வாரங்கள் கழித்து அந்த மாணவர் மீண்டும் வந்தபோது இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடும்படி நாம் சொல்லவில்லை. வெயிலே அந்தப் பணியைச் செய்திருந்தது. "குற்றமா என்று கேட்டீர்களே தம்பி, குற்றம்தான். அதைத் தீர்க்கும் இடம் நம் அறையன்று, உங்கள் வீடு. வாப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள். அடுத்த விழாவுக்கு அதே கைலியோடு அழைத்துச் சென்று, முன்வரிசையில் உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்று வாப்பா நின்றிருந்தாரல்லவா, ஹஜ்ரத், அந்தக் காவலரை நேற்றுப் பார்த்தேன். உங்கள் அத்தா நலமா என்று கேட்டார். அன்று வாப்பா தமக்குத் தேநீர் வாங்கப் போனபோது, அவருக்கும் ஒன்று வாங்கி வந்தாராம். வெயிலில் நிற்கிறீர்களே என்று தம் துண்டை நாற்காலியின் மேல் நிழலுக்குக் கட்டிக் கொடுத்தாராம். இத்தனை ஆண்டில் தம் பெயரைக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று காவலர் சொன்னார்."

நேர்த்தியைப் பற்றி நாம் இத்தனை பக்கங்கள் எழுதினோம். அந்த மனிதர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.